முதியோரின் பகற்பொழுதும் அரசின் நிதிப் பொறுப்பும்



முதியோர் நலம் என்று பேச்செடுத்தால் அது இரண்டு இடங்களில்தான் போய் நிற்கிறது. ஒன்று, மாதந்தோறும் வரும் ஓ.ஏ.பி. எனப்படும் முதியோர் ஓய்வூதியப் பணம். மற்றொன்று, முதியோர் இல்லம். பணம் கொடுத்தால் போதும் என்று ஒரு பக்கமும், கைவிடப்பட்டவருக்கு ஓர் இல்லம் கட்டினால் போதும் என்று மறுபக்கமும் நம் சட்டங்களும் வரவு செலவுத் திட்டங்களும் நெடுங்காலமாகச் சிந்தித்து வந்திருக்கின்றன. இந்த இரண்டுக்கும் நடுவே பெருங்கூட்டம் ஒன்று இருக்கிறது. அவர்களுக்கு வீடு உண்டு, மகனோ மகளோ உண்டு, இரவில் தலை சாய்க்க இடமும் உண்டு. காலை எட்டு மணிக்கு வீட்டில் உள்ள அனைவரும் வேலைக்கும் பள்ளிக்கும் கிளம்பிப் போனபின், மாலை ஆறு மணி வரை அவர்களைப் பார்க்க ஆளில்லை. அவர்களுக்கான பகல்நேரப் பராமரிப்பு ஆண்டுக்கு ஆண்டு நீட்டிக்கப்படும் மானியமாகவோ, ஓர் அறிவிப்பின் பகுதியாகவோ இருந்தால் நிலைக்காது. அங்கன்வாடியையும் சத்துணவையும் போல நிரந்தரப் பணியிடங்களோடு, நிரந்தரச் செலவுத் தலைப்பில் வரவேண்டும். அதுவும் நடமாட முடிந்தவரை அல்ல, முடியாதவரையே முதலில் கணக்கில் கொள்ளவேண்டும். இன்று நான் வாதிட வந்திருப்பது இதைத்தான்.

தமிழ்நாடு எவ்வளவு வேகமாக மூப்படைகிறது என்பதை முதலில் பார்ப்போம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நம் மாநிலத்தில் 60 வயதைக் கடந்தோர் 10.4 விழுக்காடு, ஏறத்தாழ 75 லட்சம் பேர். 2021இல் அது 13.6 விழுக்காடு என்றும், 2031இல் 18.2 விழுக்காடாகும் என்றும் மத்திய அரசின் மதிப்பீடு சொல்கிறது. கேரளத்துக்கு அடுத்த இடம் நமக்கு. மதுரை மாவட்டத்தின் மக்கள்தொகை 2011இல் 30 லட்சத்து 38 ஆயிரம். அந்தப் பழைய எண்ணிக்கையில் மாநிலத்தின் 2021 விகிதத்தைப் பொருத்திப் பார்த்தாலே இம்மாவட்டத்தில் நான்கு லட்சத்துக்கு மேற்பட்ட முதியோர் இருப்பார்கள். முதியோரின் உடல்நிலை என்ன? 2021 ஜனவரியில் வெளியான முதுமை பற்றிய தேசிய நீள் ஆய்வு, நாட்டின் முதியோரில் 75 விழுக்காட்டினருக்கு ஏதேனும் ஒரு நாள்பட்ட நோயும், 40 விழுக்காட்டினருக்கு ஏதேனும் ஒரு குறைபாடும், 20 விழுக்காட்டினருக்கு மனநலச் சிக்கலும் இருப்பதாகச் சொன்னது. அதனோடு இணைந்த மற்றோர் ஆய்வு, 60 வயதைக் கடந்தோரில் 7.4 விழுக்காட்டினருக்கு, அதாவது 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா என்னும் மறதிநோய் இருப்பதாக மதிப்பிட்டது. மறதிநோய் கண்டவரைப் பகலில் தனியே விடமுடியாது. அடுப்பைப் பற்றவைத்துவிட்டு மறந்துவிடுவார். கதவு திறந்திருந்தால் தெருவில் இறங்கி நடந்துகொண்டே இருப்பார். ஆகவே வெளியே பூட்டிவிட்டுப் போகிறார்கள். தலைமாட்டில் ஒரு செம்புத் தண்ணீர், தூக்குவாளியில் சோறு, கட்டிலுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் வாளி. மாலையில் கதவு திறக்கும்வரை அந்த மனிதரின் உலகம் அவ்வளவுதான். இதைச் செய்கிற குடும்பத்தைக் கல்நெஞ்சம் கொண்டது என்று சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. ஒரு நாள் கூலியை விட்டால் அடுப்பெரியாத வீட்டுக்கு வேறு வழி என்ன இருக்கிறது?

இப்படிப்பட்ட வீட்டுக்கு நம் பொதுப்பணம் எந்த வடிவில் போய்ச் சேர்கிறது? தமிழ்நாட்டில் முதியோர் ஓய்வூதியம் 1962இல் மாதம் 20 ரூபாயாகத் தொடங்கியது. 2011இல் ஆயிரம் ரூபாய், 2023 ஆகஸ்டிலிருந்து 1,200 ரூபாய். நாளுக்கு நாற்பது ரூபாய். இதில் மத்திய அரசின் பங்கு, 80 வயதுக்கு உட்பட்டவருக்கு மாதம் 200 ரூபாய். இந்திரா காந்தி பெயரிலான மத்திய அரசின் ஓய்வூதியத் திட்டம் 2007இல் விரிவாக்கப்பட்டபோது இருந்த அதே 200 ரூபாய்தான்; நாளுக்கு ஏழு ரூபாய்கூட இல்லை. அதுவும் வறுமைக்கோட்டுப் பட்டியலில் உள்ளவர்களுக்கு மட்டும். மீதியை மாநிலம் தாங்குகிறது. மக்கள்தொகைக் கட்டுப்பாட்டைச் சொன்னபடி செய்து முடித்த மாநிலம் இது. 2020 மாதிரிப் பதிவுக் கணக்கின்படி இங்கே ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.4 குழந்தை. குழந்தைகள் குறைந்த வீடு சீக்கிரம் மூப்படையும் என்பது எளிய கணக்கு. ஆனால் மத்திய வரிப் பகிர்வில் நம் பங்கு பதின்மூன்றாம் நிதிக்குழுவில் 4.969 விழுக்காடாக இருந்து, பதினைந்தாம் நிதிக்குழுவில் 4.079 ஆனது. மூப்பின் செலவு தென்மாநிலங்களுக்கு முன்னதாகவே வந்துவிட்டது என்பதை நிதிக்குழுக்கள் ஓர் அளவுகோலாகவே எடுத்துக்கொள்ளவேண்டும் என்று நாம் கேட்பது நியாயம். அதற்காக, தில்லியிலிருந்து பணம் வரட்டும் என்று மதுரை காத்திருக்கவேண்டியதில்லை.

சட்டமும் பணத்தையும் இல்லத்தையும் தாண்டவில்லை. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007, பிள்ளைகளிடமிருந்து மாதம் பத்தாயிரம் ரூபாய் வரை பராமரிப்புத் தொகை பெறக் கோட்டாட்சியர் முன்பாக மனுச் செய்ய வழி வைத்தது. மாவட்டத்துக்கு ஒன்றாவது, 150 ஆதரவற்ற முதியோருக்கான இல்லம் அமைக்கலாம் என்று அதன் 19ஆவது பிரிவு சொல்கிறது. பகல்நேர மையம் பற்றி அச்சட்டத்தில் ஒரு வரி கிடையாது. 2019 டிசம்பரில் மக்களவையில் வைக்கப்பட்ட திருத்த மசோதாவில்தான் முதியோருக்கான பல்சேவைப் பகல்நேர மையம் என்பது இடம் பெற்றது. அந்த மசோதா நிறைவேறாமலே, 2024இல் அவை கலைந்தபோது காலாவதியானது. வரிச் சலுகையிலும் இதே கதை. அறநிறுவனங்கள் நடத்தும் முதியோர் இல்லங்கள், அங்கேயே தங்கியிருப்போரிடம் வாங்கும் மாதம் 25,000 ரூபாய் வரையிலான கட்டணத்துக்கு ஜி.எஸ்.டி. விலக்கு உண்டு. ஆனால் உறைவிடம், உணவு, பராமரிப்பு எல்லாம் சேர்ந்த கட்டணமாக அது இருக்கவேண்டும். காலையில் வந்து மாலையில் வீடு திரும்பும் முதியவர் அந்த வாசகத்துக்குள் வரமாட்டார். மருத்துவக் காப்பீட்டிலும் அப்படியே. 2024 அக்டோபரிலிருந்து 70 வயதைக் கடந்த அனைவருக்கும் ஐந்து லட்ச ரூபாய் வரை காப்பீடு உண்டு என்கிறது ஆயுஷ்மான் பாரத். ஆனால் அது மருத்துவமனைப் படுக்கையில் சேர்ந்தவருக்கு. குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் அறுவைச் சிகிச்சைக்குப் பணம் வரும். விழாமல் இருக்கக் கால் தசைகளைப் பழக்கும் பயிற்சிக்கோ, பகலில் கூட இருந்து கைபிடித்து நடத்திச் செல்லும் ஆளுக்கோ பணம் வராது.

இந்த நிலையில்தான் 2025 மார்ச்சில் தமிழ்நாடு வரவு செலவுத் திட்டத்தில் 10 கோடி ரூபாய் செலவில் 25 அன்புச்சோலை மையங்கள் அறிவிக்கப்பட்டன. மதுரை உள்ளிட்ட மாநகராட்சிகளுக்கான இத்திட்டம் அந்த ஆண்டு நவம்பரில் திருச்சியில் தொடங்கிவைக்கப்பட்டது. முதியோரின் பகற்பொழுது அரசின் பொறுப்புதான் என்று ஒரு மாநில அரசு ஏற்றுக்கொண்ட செய்தி அது. அதை நான் மனமார வரவேற்கிறேன். வரவேற்ற கையோடு அளவையும் பார்க்கவேண்டும். ஒரு மையத்தில் 50 பேர் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 1,250 பேர். 2011இலேயே 75 லட்சம் முதியோர் இருந்த மாநிலம் இது. எண்ணிக்கையைவிட எனக்குக் கவலை தருவது அதன் நோக்கம். முதியோர் மனமகிழ் வளமையங்கள் என்பது அவற்றின் முழுப்பெயர். மனமகிழ்ச்சி வேண்டியதுதான். கேரம் பலகை, செய்தித்தாள், தொலைக்காட்சி, பேச்சுத்துணை எல்லாம் வேண்டும். ஆனால் தானாக நடந்து வரக்கூடிய அறுபத்தைந்து வயதுக்காரர் அந்த நாற்காலிகளை நிரப்பிவிட்டால், பக்கவாதம் வந்து ஒரு கை விளங்காமல் கிடக்கும் எழுபத்தெட்டு வயது அம்மா வீட்டில் பூட்டப்பட்டபடிதான் இருப்பார். நடக்க முடிந்த ஆண்களுக்கு நம் ஊர்களில் மந்தை இருக்கிறது, சாவடி இருக்கிறது, டீக்கடை பெஞ்சு இருக்கிறது. பெண்களுக்கும் நடக்க முடியாதவர்களுக்கும்தான் எதுவும் இல்லை.

மையம் திறந்திருக்கும் நேரத்தையும் இங்கே சொல்லவேண்டும். மதுரையைச் சுற்றியுள்ள மல்லிகைத் தோட்டங்களில் பூ எடுக்கும் பெண் விடியுமுன்பே வேலைக்குப் போய்விடுகிறாள். கட்டிட வேலைக்குப் போகிற சித்தாள் காலையில் கூலி ஆட்கள் கூடும் இடத்துக்கு நேரத்தோடு போய் நிற்கவேண்டும். மாசி வீதிகளின் ஜவுளிக்கடையில் நிற்கும் பெண் வீடு திரும்ப இரவாகிவிடுகிறது. அலுவலக நேரப்படி பத்து மணிக்குத் திறந்து சாயங்காலம் மூடுகிற மையம் இவர்களில் ஒருவருக்கும் உதவாது. 2024ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, 15 முதல் 59 வயதுக்குட்பட்ட பெண்களில் 41 விழுக்காட்டினர் குடும்பத்தினரைப் பராமரிக்கும் வேலையில் ஈடுபட்டிருந்தார்கள். அவர்கள் நாளுக்கு 140 நிமிடங்களை அதற்குச் செலவிட்டார்கள். ஆண்களில் 21.4 விழுக்காட்டினர், 74 நிமிடங்கள். குழந்தைப் பராமரிப்பும் இதில் சேர்த்திதான் என்றாலும், பாரம் யார் தலையில் என்பதில் ஐயமில்லை. மாமியாரைப் பார்க்க வேலையை விட்ட மருமகளின் கூலி எந்த அரசுக் கணக்கிலும் ஏறுவதில்லை. அந்தக் கூலியையும் சேர்த்து எண்ணினால், பகல்நேர மையத்தை வீண் செலவு என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

எவ்வளவு செலவாகும்? என் கணக்கு ஒன்றைத் தருகிறேன். சம்பளத்தையும் வாடகையையும் நானே வைத்துப் போட்டது, திருத்திக்கொள்ளலாம். 30 பேருக்கு ஒரு மையம். பொறுப்பாளர் ஒருவர், பராமரிப்பு உதவியாளர் இருவர், சமையலர் ஒருவர், ஆளுக்கு 15,000 வீதம் 60,000 ரூபாய். பகுதிநேர இயன்முறை மருத்துவருக்கு 15,000. மதியச் சாப்பாடும் இருவேளைத் தேநீரும் சுண்டலும் ஆளுக்கு நாளொன்றுக்கு 60 ரூபாய் வீதம், மாதம் 25 நாளுக்கு 45,000. கூட்டிவந்து கொண்டுபோய் விடும் வண்டிக்கு 30,000. வாடகை, மின்சாரம், துப்புரவு 20,000. ஆக மாதம் 1,70,000 ரூபாய். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 230 ரூபாய்க்கும் குறைவு. ஆண்டுக்கு ஒரு மையத்துக்கு 20 லட்சத்து 40 ஆயிரம். மதுரை மாநகராட்சியின் 100 வார்டுகளிலும் தலா ஒரு மையம் வைத்தால் ஆண்டுக்கு இருபது கோடி ரூபாய் சுமாரில் 3,000 பேரைப் பகலெல்லாம் பார்த்துக்கொள்ளலாம். இந்தக் கணக்கில் கட்டிடம் கட்டும் செலவை நான் சேர்க்கவில்லை. பகல் பராமரிப்பின் உயிர் நடப்புச் செலவில் இருக்கிறது. வண்டி ஓட்டுநருக்கு மூன்று மாதம் சம்பளம் வராவிட்டால் கட்டிடம் எவ்வளவு அழகாக இருந்தாலும் முதியவர் வந்து சேரமாட்டார்.

இந்த நடப்புச் செலவை எந்த வழியில் தருவது? மத்திய அரசின் முதியோர் ஒருங்கிணைந்த திட்டம் 1992 முதல் தொண்டு நிறுவனங்களுக்கு மானியம் கொடுத்து வருகிறது. இன்று அது அடல் வயோ அப்யுதய் யோஜனாவின் பகுதி. மானியத்தை நம்பி நடக்கிற நிறுவனத்தின் நிலை எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆய்வு, பரிந்துரை, பயன்பாட்டுச் சான்றிதழ் என்று கோப்பு நகர்கிறவரை கடன் வாங்கி அரிசி வாங்கவேண்டும். பெரிய அமைப்பு தாங்கும், சிறியது மூடிவிடும். இதற்கு மாறான வழியை இந்த மண் ஏற்கனவே கண்டிருக்கிறது. 1982 ஜூலை முதல் தேதி எம்.ஜி.ஆர். அரசு சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது அது கட்டுப்படியாகாது என்று சொன்னவர்கள் பலர். அது நிலைத்ததற்குக் காரணம், ஒவ்வொரு மையத்துக்கும் அமைப்பாளர், சமையலர், உதவியாளர் என்று பணியிடங்கள் உருவாகி, செலவு வரவு செலவுத் திட்டத்தின் நிலையான தலைப்பில் ஏறியதுதான். ஆட்சி மாறியபோதும் அது நிற்கவில்லை. 1983இல் அந்தச் சத்துணவு முதியோர் ஓய்வூதியம் பெறுவோருக்கும் விரிக்கப்பட்டது என்பதைப் பலர் மறந்துவிட்டோம். மையத்தில் சாப்பிடுகிறவருக்கு மாதம் 2 கிலோ அரிசி, சாப்பிடாதவருக்கு 4 கிலோ என்று விதி வந்தது. தள்ளாத வயதில் பள்ளிக்கூடம் வரை நடந்துபோய்க் குழந்தைகளோடு தட்டேந்தி உட்காருவதைவிட அரிசியை வாங்கிக்கொள்வது எளிது. ஆனாலும் ஊருக்கு ஊர் முதியோருக்கு ஒரு பகல் உணவுக்கூடம் என்ற கரு அதில் இருந்தது. உணவோடு ஓர் உட்காரும் இடமும், கூட்டிவர ஒரு வண்டியும், கைப்பிடி வைத்த ஒரு கழிப்பறையும் சேர்ந்திருந்தால் தமிழ்நாடு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே நாட்டுக்கு வழிகாட்டியிருக்கும்.

குடும்பம் செய்யவேண்டியதை அரசு செய்தால் பிள்ளைகள் கைகழுவிவிடுவார்கள் என்று ஒரு மறுப்பு வரும். இதை நான் எளிதாக ஒதுக்கமாட்டேன். சொல்கிறவர்களின் அக்கறை உண்மையானது. ஆனால் கைகழுவுதல் எங்கே நடக்கிறது? பாரம் தாங்கமுடியாத இடத்தில் நடக்கிறது. 2010இல் விருதுநகர் வட்டாரத்திலிருந்து தலைக்கூத்தல் பற்றிய செய்திகள் வந்தபோது நாடு அதிர்ந்தது. படுக்கையில் விழுந்த முதியவரை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீர் கொடுத்து முடித்துவிடும் அந்தக் கொடுமையை எந்த ஏழ்மையும் நியாயப்படுத்தாது. ஆனால் பராமரிப்புக்கு வழியே இல்லாத ஊரில் குடும்பத்தின் அன்பை மட்டும் நம்பி முதியவரை விட்டுவைக்கக்கூடாது என்பதற்கு அதைவிடக் கடுமையான சான்று தேவையில்லை. முதியோர் இல்லம் ஒருவரை வீட்டிலிருந்து பிரிக்கிறது. பகல்நேர மையம் அவரை ஒவ்வொரு மாலையும் வீட்டுக்கே திருப்பி அனுப்புகிறது. குடும்பம் உடையாமல் காக்கிற ஏற்பாடு இது.

மையத்துக்குச் செலவழிப்பதற்குப் பதில் ஓய்வூதியத்தையே உயர்த்திக் கொடுங்கள், வேண்டியதை அவர்களே வாங்கிக்கொள்ளட்டும் என்பது இன்னொரு மறுப்பு. ஓய்வூதியத்தை உயர்த்தத்தான் வேண்டும். அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் கடையில் இல்லாத சரக்கைக் கையில் காசு வைத்துக்கொண்டு எப்படி வாங்குவது? உசிலம்பட்டிப் பக்கத்திலோ பேரையூர்ப் பக்கத்திலோ ஒரு கிராமத்தில் இரண்டாயிரம் ரூபாயோடு நிற்கும் முதியவருக்காக எந்தத் தனியாரும் இயன்முறைப் பயிற்சிக் கூடம் திறக்கப்போவதில்லை. வசதியுள்ளவர் கட்டணம் தரட்டும் என்பதும் சரியே. அதற்கு வழிகாட்டியும் மதுரையிலேயே உண்டு. பணி ஓய்வுக்குப் பின் 1976இல் டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, கட்டணம் தருவோரின் வருவாயைக் கொண்டே இலவச நோயாளிகளுக்கும் அதே தரத்தில் சிகிச்சை தரமுடியும் என்று உலகுக்குக் காட்டியது. ஆனால் கண்புரை ஒருமுறை எடுத்தால் முடிந்துவிடும். முதுமைப் பராமரிப்பு நாள்தோறும் வேண்டியிருப்பது. ஆகவே கட்டணம் துணைவருவாயாக இருக்கலாம், அடித்தளமாக இருக்கமுடியாது. ஜப்பான் 2000இல் நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீட்டைக் கொண்டுவந்தபோது செலவில் பாதியை வரிப்பணத்திலிருந்தும், பாதியை 40 வயதைக் கடந்த ஒவ்வொருவரின் சந்தாவிலிருந்தும் எடுத்தது. பயனாளி தருவது பெரும்பாலும் பத்தில் ஒரு பங்கு. அந்தப் பணத்தில்தான் அங்கே பகல்நேர மையங்கள் தெருவுக்குத் தெரு வளர்ந்தன.

பணம் கொடுக்கும் முறையையும் கவனமாக அமைக்கவேண்டும். வருகிற தலைக்கு இவ்வளவு என்று மட்டும் கொடுத்தால், மையங்கள் தொந்தரவு இல்லாத முதியோரைத் தேடிப்பிடித்து நாற்காலியை நிரப்பும். மொத்தமாகக் கொடுத்தால் ஆளே வராத மையமும் பதிவேட்டில் நடந்துகொண்டிருக்கும். ஆகவே பணியாளர் சம்பளத்தை அரசு நேரடியாக ஏற்கவேண்டும். அதற்குமேல் வருகைக்கு ஏற்ப நாள்தொகை தரவேண்டும். கழிப்பறைக்குப் போக, சாப்பிட ஆள்துணை வேண்டியவருக்கும் மறதிநோய் உள்ளவருக்கும் அந்தத் தொகை கூடுதலாக இருக்கவேண்டும். மாநில அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 முதல் வீடு வீடாகச் சென்று சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மருந்து கொடுக்கிறது. படுத்த படுக்கையாக இருப்போரின் விவரம் அந்தப் பணியாளர்களிடம் இருக்கிறது. யாருக்கு இடம் தருவது என்று முடிவுசெய்ய அந்தப் பட்டியலே போதும்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையற்றவனாவேன். மையம் எந்தத் தெருவில் அமைகிறது என்பது நம் கிராமங்களில் சாதியைப் பற்றிய கேள்வி. தலித் பெண் சமைத்த சத்துணவைச் சாப்பிட மறுத்த நிகழ்வுகள் தமிழ்நாட்டில் திரும்பத் திரும்ப நடந்திருக்கின்றன. ஊருக்குள் ஒன்று, காலனியில் ஒன்று என்று இரண்டு மையம் வைத்துப் பிரச்சினையைத் தள்ளிவிடலாம் என்று யோசனை சொல்பவர்கள் உண்டு. பொதுப்பணத்தில் நடக்கும் இடத்தில் அதற்கு இடமே கொடுக்கக்கூடாது. ஒரே கூடம், ஒரே பந்தி, எல்லாச் சமூகத்திலிருந்தும் பணியாளர்கள் என்பது மானியத்தின் முதல் நிபந்தனையாக இருக்கட்டும். ஏற்காத ஊரில் மையம் திறக்க, அது ஏற்கும்வரை காத்திருப்பது நல்லது.

இதை நடத்தும் கை உள்ளாட்சியாகத்தான் இருக்கமுடியும். கேரளத்தில் 1996இல் தொடங்கிய மக்கள் திட்டம் மாநிலத் திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உள்ளாட்சிகளிடம் கொடுத்தது. அந்தப் பணத்திலிருந்துதான் அங்குள்ள ஊராட்சிகள் முதியோருக்கான பகல் வீடுகளையும் வலிதணிப்புச் சேவையையும் நடத்துகின்றன. 2025இல் முதியோருக்கென ஓர் ஆணையத்தையும் சட்டம் இயற்றி அமைத்தார்கள். அரசமைப்புச் சட்டத்தின் 41ஆவது பிரிவு முதுமையில் பொது உதவி பெறும் உரிமையைப் பேசுகிறது. பதினொன்றாம் அட்டவணை சமூக நலத்தை ஊராட்சிகளின் பணிகளில் சேர்த்திருக்கிறது. தமிழ்நாட்டில் இன்றும் சமூக நலம் பெரும்பாலும் துறை வழியே மேலிருந்து கீழே வருகிற திட்டமாகவே இருக்கிறது.

மதுரை மாவட்டத்தில் 420 கிராம ஊராட்சிகள் இருக்கின்றன. ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் முதல் தேதி உலக முதியோர் நாள்; மறுநாள் காந்தி பிறந்தநாளில் கிராம சபை கூடுகிறது. உங்கள் ஊரில் பகலில் தனித்து விடப்படும் முதியோர் எத்தனை பேர் என்ற பட்டியலை அதற்கு முன்பே எடுத்து, அவர்களுக்கு ஒரு பகல்நேர மையமும் அதற்கான நிரந்தரப் பணியிடங்களும் வேண்டும் என்ற தீர்மானத்தை அன்று சபையில் வையுங்கள். நகரத்தில் இருப்போர் தங்கள் வார்டின் பகுதி சபையில் வையுங்கள். இங்கே அமர்ந்திருக்கும் சமூகப்பணி மாணவர்கள் அந்தக் கணக்கெடுப்புக்கு வீடு வீடாகப் போகவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.